ராஜாவின் வலது கால் செருப்பு

அத்தியாயம் 4

“செருப்பைக் காணோம்!”

பெரியவர் எர்னான் போட்ட அலறலில் தேவாலயத்துக் கூரையில் தூங்கிக்கொண்டிருந்த புறாக்கள் மொத்தமும் வெளியே பறந்தன. வெளியே கூடியிருந்த முன்னூறு பேர் மொத்தமும் உள்ளே பாய்ந்தார்கள். புறாக்களுக்கு இருந்த புத்தி அவர்களுக்கு இல்லை. நாற்பது பேர் நிற்கக்கூடிய இடம் அது. முதல் ஐம்பது பேர் வந்ததுமே நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன்.

“எல்லாரும் வெளிய போங்க” என்றார் லசரீனா.

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தேவையும் இல்லை. அயர்லாந்தின் இந்த மூலையில், மாடு யாருக்கு, மேய்ச்சல் யாருக்கு, அடுத்தவன் மூக்கை உடைத்தவனுக்கு என்ன தண்டனை என்று தீர்ப்புச் சொல்லும் நியாயாதிபதி அவர். ஐம்பது வயது. குச்சி உடம்பு. அவர் ஒரு முறை பார்த்தால், செய்யாத குற்றத்தைக்கூட ஒப்புக்கொள்ளலாமா என்று தோன்றும்.

கூட்டம் வந்த வழியே போனது. போகும்போது என் காலைப் பதினோரு பேர் மிதித்தார்கள்.

காணாமல் போனது சாதாரணச் செருப்பு இல்லை. மெல்லான் நாட்டில் ஒருவன் ராஜாவாக வேண்டுமானால் மலையுச்சிக் கல்லில் செதுக்கியிருக்கும் பாதச் சுவட்டில் வலது காலை வெறுங்காலாக வைக்க வேண்டும். பிறகு எர்னான் குடும்பத்து மூத்தவர் அந்தக் காலில் இந்தச் செருப்பை மாட்டிவிட வேண்டும். கிரீடம், சிம்மாசனம் எதுவும் கிடையாது. ஏழு தலைமுறையாக இதே கல், இதே செருப்பு.

இன்று ராஜாவாக வேண்டியவன் ஃபெர்கல். செத்துப்போன டொனஹா ராஜாவின் மகன். முப்பது வயது, ஆறடி உயரம், பாட்டுக்குரல். கூட்டம் வெளியேறியதும் அவன் மட்டும் உள்ளே வந்தான். முழங்கால் வரை தோல் பூட்ஸ்.

“தம்பி, வழக்கப்படி காலைலேர்ந்து நீ வெறுங்காலோடதான இருக்கணும்?” என்றார் லசரீனா.

“குளிருதும்மா” என்றான் ஃபெர்கல். உடனே செருப்பைப் பூட்டி வைத்திருந்த பெட்டிக்குப் பக்கத்தில் விரலை நீட்டினான். “அம்மா! அங்க பாருங்க! அது என்ன?”

தரையில் ஒரு குதிமுள் கிடந்தது. குதிரையை விரட்டுவதற்காகக் குதிகாலில் கட்டிக்கொள்வார்களே, அந்த இரும்பு முள். அதில் பித்தளைப் பூ வேலை. நம் ஆட்கள் யாரும் இப்படி ஒன்றைக் கட்டுவதில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மரக்கோட்டை கட்டி உட்கார்ந்திருக்கும் நார்மன்கள்தான் கட்டுவார்கள்.

“ஹாமோ பிரபு!” என்று எர்னான் கையை மேலே தூக்கினார். “கடவுளே கண்ணைத் திறந்துட்டார்! திருடன் அவன்தான்!”

எழுபது வயதுக்காரர், செருப்பைத் தொலைத்துவிட்டு இவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

லசரீனா குதிமுள்ளை எடுத்துப் புரட்டிப் பார்த்து என்னிடம் நீட்டினார். பிறகு பெட்டிக்குள் தலையை விட்டார். உள்ளே ஆட்டுத்தோல் விரிப்பு. அதன்மேல் மெல்ல ஊதினார். அடுத்து மூன்று தும்மல். நான்காவது தும்மலுக்கு எர்னான் தானாகவே இரண்டடி பின்வாங்கினார்.

“பூட்டு உடையலை. சாவி?”

“என் கழுத்துல. தூங்கறப்பக்கூடக் கழட்ட மாட்டேன்.”

“தூக்கம் எப்படி?”

“அது நல்லா வரும்மா. இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன்.”

வெளியே ஒருவன் “கோட்டையைக் கொளுத்துங்கடா!” என்று கத்தினான். இன்னும் இருநூறு பேர் அதையே ஆளுக்கொரு சுருதியில் கத்தினார்கள்.

அவர்கள் கொதித்ததற்குக் காரணம் இருந்தது. சாவதற்கு முன் டொனஹா ராஜாவும் ஹாமோவும் புனிதர் எலும்பின் மேல் கை வைத்து ஓர் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். மைக்கேல் திருநாள் அன்று சூரியன் மறைவதற்குள், பழைய முறைப்படி கல்லோடும் செருப்போடும் புது ராஜா வந்துவிட்டால் ஹாமோ ஆற்றைத் தாண்ட மாட்டார். வராவிட்டால், ராஜா இல்லாத நாடு ஹாமோவின் பாதுகாப்புக்குப் போகும். நார்மன்கள் பாதுகாக்க ஆரம்பித்த எதையும் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

இன்றுதான் மைக்கேல் திருநாள்.

ஃபெர்கல் நெஞ்சை நிமிர்த்தினான். “செருப்பு இல்லாட்டி போவுதும்மா. பூட்ஸோடயே கல்லு மேல ஏறிடறேன். அப்புறம் கோட்டையைக் கொளுத்திடலாம்.”

“உனக்கு எதுக்குத் தம்பி இவ்ளோ அவசரம்? சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு” என்றார் லசரீனா. வாசலுக்குப் போய்க் கூட்டத்தைப் பார்த்தார். “நான் திரும்பி வர்றதுக்குள்ள எவனாவது ஒரு தீப்பந்தம் ஏத்தினா, அவன் தொழுவத்துல இருக்கற மாடு பூரா எனக்கு. கன்னுக்குட்டியும் சேத்து.”

கத்தல் நின்றது.

“ஒஸ்பெர்ன், கிளம்பு. கோட்டைக்குப் போறோம்.”

ஒஸ்பெர்ன் நான்தான். அப்பா நார்மன் வில்லாளி, அம்மா மெல்லான் நாட்டுக்காரி. அப்பா பேசிய பிரெஞ்சும் அம்மா திட்டிய ஐரிஷும் எனக்குச் சரளமாக வரும். பத்து வருடமாக லசரீனாவுக்கு மொழிபெயர்ப்பாளன். அவர் துப்புத் துலக்குவார். நான் கூடவே நடந்து கால் வலிக்கிறது என்பேன்.

ஆற்றுப் பாலத்தில் நின்றார்.

“அந்தக் குதிமுள்ளைப் பாத்தியே, என்ன தெரியுது?”

“ஹாமோ பிரபுவுக்குக் கால் பெருசுன்னு தெரியுது.”

“வாரைப் பாருடா.”

பார்த்தேன். நல்ல தோல் வார். அறுந்து போகவில்லை. கொக்கி மாட்டியே இருந்தது.

“காலைச் சுத்திக் கட்டின வார்” என்றார். “தானா கழண்டு விழுந்திருந்தா ஒண்ணு அறுந்திருக்கணும், இல்ல கொக்கி திறந்திருக்கணும். மாட்டின கொக்கியோட விழணும்னா என்ன ஆகியிருக்கணும்?”

“கால் கழண்டு விழுந்திருக்கணும்.”

“தேவாலயத்துல கால் ஏதாவது கிடந்துச்சா?”

“நான் பாக்கலை. எர்னான் பெட்டிக்கு அடியில நல்லாத் தேடலையோ என்னவோ.”

“அதனால இது விழலை. யாரோ வச்சிருக்காங்க.” மேலே நடந்தார். “வச்சவன் யாருன்னு முள்ளோட சொந்தக்காரனையே கேப்போம்.”

“முன்னூறு பேர் கொளுத்த நினைக்கற வீட்டுக்கு நாம விருந்தாளியாப் போறோம். இதை நீங்க யோசிச்சீங்களாம்மா?”

“யோசிச்சேன். அதான் உன்னை முன்னால நடக்க விடறேன்.”

கோட்டைக்குள் ஹாமோ பிரபு ஒரு முக்காலிமேல் நின்றுகொண்டிருந்தார். உருண்டையான சிவந்த மனிதர். தையல்காரன் ஒருவன் அவரைச் சுற்றிச் சுற்றி வந்து சிவப்புப் பட்டு அங்கியை உடம்போடு தைத்துக்கொண்டிருந்தான். காலில் புதுச் செருப்பு. அப்படி ஒரு செருப்பை நான் பார்த்ததில்லை. மூக்கு ஒரு சாண் நீளம், பஞ்சு அடைத்து மேலே வளைத்துவிட்டிருந்தார்கள். ஆள் வருவதற்கு முன் செருப்பு வந்துவிடும்.

“அந்தப் பீப்பாய்கிட்ட கீழ இறங்கச் சொல்லு” என்றார் லசரீனா ஐரிஷில்.

நான் பிரெஞ்சுக்கு மாற்றினேன். “பிரபு இவ்வளவு உயரத்துல நின்னா பாக்கறதுக்கு அம்மாவுக்குக் கண்ணு கூசுதாம்.”

ஹாமோவின் முகம் மலர்ந்தது. “இந்த எலும்புக்கூடு எதுக்குடா வந்திருக்கு?”

“பிரபு உங்க உடம்பு இளைச்சுப் போச்சேன்னு கவலைப்படறார்” என்றேன் லசரீனாவிடம்.

“செருப்பைத் திருடினானான்னு கேளு.”

இதை மட்டும் அலங்காரம் இல்லாமல் கேட்டேன். ஹாமோ முக்காலியிலிருந்து குதித்தார். தையல்காரனும் கூடவே இழுபட்டு வந்தான்.

“நானா? செருப்பையா? நான் அந்த விழாவுக்குப் போகத்தான் காலைலேர்ந்து ஊசிக்குத்து வாங்கிட்டிருக்கேன்! உங்க ராஜா வரலைன்னா நாடு எனக்கு வரும், ஒத்துக்கறேன். வந்தா சந்தோஷம். அதுக்காகச் செருப்பு திருடுவேனா? என் மச்சினன் யாரு தெரியுமா? டப்ளின்ல பரம்பரைக் கோப்பை ஏந்தி! விருந்துல கோப்பையைத் தூக்கிக் குடுக்கற உரிமை அவன் பேரன் பேத்தி வரைக்கும்! என் தம்பி பரம்பரை வேட்டைநாய்த் தலைவன்! எனக்கு என்ன பட்டம் இருக்கு? சேறுதான் இருக்கு! இதுல செருப்புத் திருடன்னு பட்டம் வேற வாங்கணுமா?”

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. நான் முழுவதையும் மொழிபெயர்த்தேன். லசரீனா குதிமுள்ளை எடுத்துக் காட்டினார்.

“அட! இது என்னோடது!” என்று ஹாமோ சிரித்தார். “டொனஹா சாவுக்கு வந்தப்ப மூணாம் நாள் சாப்பாடு போட்டாங்கல்ல, அன்னிக்கு ஃபெர்கல்கிட்ட பந்தயத்துல தோத்துட்டேன். பன்னி மேல கொழுப்பைத் தடவி விட்டுட்டு, வெறுங்காலோட ஓடிப் புடிக்கணும். நான் தொழுவத்துக்குள்ள போகவே இல்லை, வாசல்லயே விழுந்து தூங்கிட்டேன். உள்ள அவன்தான் புடிச்சான். காலைல எழுந்தா பன்னி இருக்கு, முள்ளு இல்லை.”

“அந்தப் பன்னி இப்ப எங்க?” என்றார் லசரீனா.

நான் அவரை ஒரு மாதிரி பார்த்தேன். “சாட்சி விசாரிக்கப் போறீங்களாம்மா?”

“கேளுடா.”

“என்கிட்டதான் இருக்கு, டொனஹா வீட்டுல பரிசாக் குடுத்தாங்க” என்றார் ஹாமோ. “விசித்திரமான பன்னி. அன்னிலேர்ந்து மனுஷன் முகத்தையே பாக்க மாட்டேங்குது. காலைத்தான் பாக்குது.”

கொல்லைப்பக்கம் போனோம். பன்றி ஒன்று வேலிக்குப் பின்னால் படுத்திருந்தது. எங்களைக் கண்டதும் எழுந்தது. லசரீனாவை விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தது. பதினோரு பேர் மிதித்ததில் என் வலது செருப்பு கிழிந்து கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பன்றி அதையே பார்த்தது. இப்படி ஓர் அன்போடு என்னை யாரும் பார்த்ததில்லை. நாக்கால் ஒரு முறை மூக்கை நக்கிக்கொண்டது.

“அம்மா, நாம போயிடலாம்.”

லசரீனா வேலியைப் பிடித்துக்கொண்டு சத்தமே இல்லாமல் குலுங்கினார். பத்து வருடத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அது இரண்டாவது முறை.

நாங்கள் திரும்பியபோது உச்சிப்பொழுது தாண்டி ரொம்ப நேரம் ஆகியிருந்தது. மலையடிவாரத்தில் ஆண்கள் வைக்கோலை எண்ணெயில் நனைத்துத் தயாராக வைத்திருந்தார்கள். ஏற்றவில்லை. மாடு மேல் எல்லாருக்கும் பாசம்.

லசரீனா ஃபெர்கலை மட்டும் தயிர் உறைய வைக்கும் கொட்டகைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“பூட்ஸைக் கழட்டு.”

“குளிருதும்மா.”

“வலது கால் மட்டும் போதும்.”

ஃபெர்கல் என்னைப் பார்த்தான். நான் தயிர்ப் பானையைப் பார்த்தேன். அவன் உட்கார்ந்து மெதுவாகக் கழற்றினான்.

வலது காலில் நான்கு விரல்கள் இருந்தன. சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் புதுத் தோல் பளபளத்தது.

“பந்தயத்துல முள்ளை ஜெயிச்சேன்” என்றான் தரையைப் பார்த்தபடி. “விரலைத் தோத்துட்டேன்.”

உடம்பில் குறை உள்ளவன் மெல்லான் நாட்டுக்கு ராஜாவாக முடியாது. அது கல்லை விடப் பழைய சட்டம். போரில் கண்ணை இழந்த ராஜா ஒருவர் அன்றைக்கே நாட்டை விட்டுக் கொடுத்துவிட்டு மடத்துக்குப் போய்விட்டார். விரலைப் பன்றிக்குக் கொடுத்தவன் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

“அதனால?” என்றார் லசரீனா.

“செருப்பு இல்லாட்டி வெறுங்காலைக் காட்ட வேண்டாமேன்னு நெனைச்சேன். நேத்து எர்னான் பெரியவர் தூங்கினப்புறம் கழுத்துலேர்ந்து சாவியை எடுத்தேன். செருப்பை எடுத்துட்டு முள்ளைப் போட்டுட்டு வரலாம்னு போனேன்…” தலையில் அடித்துக்கொண்டான். “திறந்தா பெட்டி காலிம்மா!”

“என்னது?” என்றேன் நான்.

“சத்தியமா! உள்ள ஒண்ணுமே இல்லை! பழி போடலாம்னுதான் நான் போனேன். அந்தாளு நெஜமாவே எனக்கு முன்னாடி வந்து திருடிட்டான்! எனக்கு வந்த கோவம் இருக்கே!”

“நீ திருடப் போன பொருளை இன்னொருத்தன் திருடிட்டான்னு உனக்குக் கோவம்” என்றேன்.

“பின்ன வராதா?”

லசரீனா அவன் எதிரே குந்தி உட்கார்ந்தார். சிரிப்பு இல்லை இப்போது. “தம்பி, அந்தக் கோட்டைல நாப்பது வீரன் இருக்கான். சமையக்காரன் இருக்கான். சட்டை தைக்கறவன் ஒருத்தனை இப்பத்தான் பாத்துட்டு வந்தேன், வாய் நிறைய ஊசி வச்சிருந்தான். ஒரு விரலை மறைக்க அவங்க எல்லாரையும் கொளுத்தப் பாத்தியே. நம்ம ஆளுங்களும்தான் சாவாங்க. உங்கப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பார்?”

ஆறடி மனிதன் நான்கு விரல் காலைக் கையில் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். நான் கொஞ்சம் தயிர் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

“இவனை விட்டா அடுத்த வாரிசு யாரும்மா?” என்று மெல்லக் கேட்டேன்.

“இவன் சின்னத் தாத்தா. தொண்ணூறு வயசு. பல்லு இல்லை, காது கேக்காது. காலைல தன்னையே விருந்தாளின்னு நெனைச்சு வரவேத்தாராம்.” எழுந்தார். “எர்னானைக் கூப்பிடு.”

எர்னான் வந்தார். ஃபெர்கலின் காலைப் பார்த்தார். பார்க்காத மாதிரி நின்றார்.

“ஐயா, அந்தப் பெட்டியில ஆட்டுத்தோல் விரிப்பு இருக்கு. அது மேல தூசி இருக்கு” என்றார் லசரீனா. “மூலைக்கு மூலை ஒரே மாதிரி தூசி. நேத்து வரைக்கும் அங்க செருப்பு இருந்திருந்தா, அது இருந்த இடம் மட்டும் தூசியில்லாம செருப்பு மாதிரியே தெரியணும். தெரியலை. அந்தச் செருப்பு நேத்து போகலை. போய் வருஷக்கணக்காச்சு. காலைல முள்ளைப் பாத்ததும் நீங்க கடவுளுக்கு நன்றி சொன்னீங்களே, அப்பவே என் மூக்கு வேர்த்துச்சு.”

எர்னான் தயிர்ப் பானைகளுக்கு நடுவே சரிந்து உட்கார்ந்தார்.

“பன்னண்டு வருஷம்” என்றார். “அந்தப் பனிக்காலம் ஞாபகம் இருக்காம்மா? மாடெல்லாம் செத்து, அதையும் தின்னு தீத்தாச்சே. டொனஹா ராஜா காய்ச்சல்ல கிடந்தார். கறிச்சாறு வேணும் கறிச்சாறு வேணும்னு புலம்பினார். நாடு பூரா ஒரு எலும்பு இல்லை. என் வீட்டுல தோல்னு இருந்தது அது ஒண்ணுதான்.”

ஃபெர்கல் தயிரைக் கீழே வைத்தான்.

“நல்ல கன்னுத்தோல்மா. ஒரு நாள் பூரா வேக வச்சேன். வெங்காயத்தாள் போட்டேன்.”

“ராஜா குடிச்சாரா?” என்றேன்.

“மூணு கிண்ணம். ‘எர்னான், இது எந்தக் கன்னுடா’ன்னு கேட்டார். ரொம்ப உசந்த வம்சத்துக் கன்னு மகாராஜான்னேன். மறுநாளே எழுந்து உக்காந்துட்டார். அதுக்கப்புறம் பன்னண்டு வருஷம் இருந்தார்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “புது ராஜா வர்றப்ப என்ன பண்றதுன்னு தினம் வேண்டிக்குவேன். காலைல பாத்தா முள்ளு கிடக்கு. கடவுளே அனுப்பிட்டார்னு நெனைச்சேன்.”

“நான்தான் அனுப்பினேன் பெரியவரே” என்றான் ஃபெர்கல்.

“எங்கப்பா உசிரைக் காப்பாத்தியிருக்கீங்களே” என்று ஃபெர்கல் எர்னானைக் கட்டிக்கொண்டான். இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். பானைகள் ஆடின.

லசரீனா கூரை ஓட்டை வழியாகச் சூரியனைப் பார்த்தார். சாய்ந்துகொண்டிருந்தது. “வேற செருப்பு போட்டா?” என்று தனக்குள் முணுமுணுத்தார். “பழைய செருப்பு இல்லை, செல்லாதுன்னு சொல்லுவான் ஹாமோ. சொல்ல உரிமை இருக்கற ஒரே ஆளு அவன்தான்…”

சட்டென்று திரும்பினார்.

“ஒஸ்பெர்ன். கோட்டைக்கு ஓடு. இப்ப நான் சொல்றதை ஒரு வார்த்தை மாத்தாம அவன்கிட்ட சொல்லணும். உன் அலங்காரம் எதுவும் வேண்டாம். பொய் ஒண்ணு கலந்தாலும் தீர்ப்பு நிக்காது.”

சொன்னார். நான் ஓடினேன்.

ஹாமோ அங்கி தைத்து முடிந்து, நிமிர்ந்து உட்கார முடியாமல் உட்கார்ந்திருந்தார். நான் மூச்சு வாங்கச் சொன்னேன்: “பழைய செருப்பு இல்லாம போயிடுச்சு. புதுச் செருப்பு குடுக்கறவருக்கு ஒரு பட்டம் உண்டு. மெல்லான் நாட்டு ராஜாவோட பரம்பரைச் செருப்பு நாயகம்.”

அவர் மெல்ல எழுந்தார்.

“பரம்பரையா?”

“உங்க மகன், பேரன், கொள்ளுப்பேரன் வரைக்கும். ஒவ்வொரு ராஜாவுக்கும் உங்க குடும்பத்துச் செருப்புதான்.”

“என் மச்சினன் தூக்கறது வெறும் கோப்பை” என்றார் ஹாமோ மெதுவாக. “அதுவும் சாப்பாட்டு நேரத்துல மட்டும்.”

“ஆமா பிரபு.”

“ராஜாவையே உண்டாக்கற செருப்பு!”

“மண்டி போட்டுக் கழட்டிக் குடுக்கணும். சம்மதம்தானே?”

அவர் என்னைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார். “குதிரை! என் குதிரை எங்கடா!”

மலையுச்சியில் கூட்டம் கல்லைச் சுற்றி வளைத்திருந்தது. ஹாமோ நாற்பது வீரர்களோடு வந்தபோது பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. லசரீனா ஃபெர்கலை முதுகில் தட்டி முன்னால் தள்ளினார்.

“முள்ளை வச்சது நான்தான்” என்றான் ஃபெர்கல் எல்லாருக்கும் கேட்க. “ஹாமோ பிரபு திருடலை. புத்தி கெட்டுப் போய் அவர் மேல பழி போடப் பாத்தேன். மன்னிச்சிடுங்க.”

யாரோ ஒரு பெண் பின்னாலிருந்து கத்தினாள்: “ராஜா ஆகறதுக்கு முன்னாடியே மன்னிப்புக் கேக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன். இவனே இருக்கட்டும்!” சிரிப்பு அலை அலையாகப் பரவியது. எண்ணெயில் நனைத்த வைக்கோலை மெல்லக் கீழே போட்டார்கள்.

“அப்ப செருப்பு எங்கம்மா?” என்றான் ஒருவன்.

“டொனஹா ராஜா போறப்ப தன்னோடயே கொண்டு போயிட்டார்” என்றார் லசரீனா.

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை என்பது எங்கள் நாலு பேருக்கு மட்டும் தெரியும்.

அடுத்து மூன்று தொட்டி வெண்ணெய் வந்தது. கல்லில் இருந்த பாதச் சுவட்டில் விளிம்பு வழிய அப்பினார்கள்.

“வெண்ணெய் எதுக்கும்மா?” என்றேன் காதோடு.

“ஊர் பாக்கற குறைதான் குறைன்னு சட்டம். வெண்ணெய்க்குள்ள விரலை எவன் எண்ணுவான்? பழி போட்டதுக்கு, அந்தப் பன்னிகிட்ட பட்டதுக்கு மேல அவனுக்கு என்ன தண்டனைன்னு நாளைக்கு யோசிக்கறேன்.”

“வெண்ணெய்ல கால் வைக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?”

“நாளைலேர்ந்து எல்லாத்துலயும் இருக்கும்.”

ஃபெர்கல் ஒரு போர்வைக்குப் பின்னால் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஒரே தாவாகத் தாவி வலது காலை வெண்ணெயில் இறக்கினான். ‘பொளக்’ என்றது. கணுக்கால் வரை மறைந்துவிட்டது. கூட்டம் ஆரவாரித்தது. ஹாமோ முன்னால் வந்தார். சிவப்புப் பட்டு தையல் விட்டுக் கிழியும் சத்தத்தோடு மண்டியிட்டார். வலது செருப்பைக் கழற்றி இரண்டு கையாலும் நீட்டினார்.

லசரீனா சொல்லச் சொல்ல நான் உரக்கக் கேட்டேன். “இது உங்க செருப்புதானே பிரபு?”

“என்னோடதுதான்!”

“நல்ல செருப்புதானே?”

“இந்தத் தீவுலயே உசந்தது!”

“ராஜா காலுக்குச் செல்லுமா?”

“செல்லாமயா? எவனாவது செல்லாதுன்னு சொல்லிப் பாக்கட்டும்!”

ஒவ்வொன்றையும் ஐரிஷில் கத்தினேன். முன்னூறு பேர் சாட்சி. எர்னான் அந்தச் செருப்பை வாங்கினார். வெண்ணெய் சொட்டும் காலைத் தூக்கி, ஒரு விரல்கூட வெளியே தெரியாமல் உள்ளே திணித்தார். பஞ்சு அடைத்த மூக்கு வானத்தைப் பார்த்தது. எர்னான் கண்ணை மூடிக்கொண்டு ஃபெர்கலின் பேரைச் சொன்னார். பிறகு எல்லாரும் சொன்னார்கள். மலை அதிர்ந்தது.

மேற்கே கடைசிச் சிவப்பு ஆற்றில் இறங்கியது.

ஹாமோ மண்டியிட்டபடியே அந்தச் சூரியனைப் பார்த்தார். பிறகு ராஜாவைப் பார்த்தார். தன் செருப்பைப் பார்த்தார். வாய் மெல்லத் திறந்தது. பட்டத்தின் ஆசையில் மறந்துபோயிருந்த ஒப்பந்தம் இப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. நாற்பது வீரர்கள் வாள் பிடியில் கை வைத்துக்கொண்டு தங்கள் பிரபுவைப் பார்த்தார்கள்.

“அந்தப் பட்டம்” என்றார் ஹாமோ. “எழுதிக் குடுப்பீங்கல்ல?”

“முத்திரை போட்டே குடுப்பாங்க பிரபு” என்றேன்.

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். எழுந்து, ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக, தலையை நிமிர்த்திக்கொண்டு புது ராஜாவின் பின்னால் விருந்துக்கு நடந்தார். முன்னால் ராஜா ‘பொளக் பொளக்’ என்று போனான். அவன் ஓர் அடி வைத்தால் செருப்பிலிருந்து ஒரு கரண்டி வெண்ணெய் வெளியே வந்தது.

வீரர்களின் தலைவன் என் தோளைத் தொட்டான். நரைத்த மீசை, கவலை பிடித்த முகம். “ஐயா, உங்க ஊர் வழக்கம் எங்களுக்குத் தெரியாது. பிரபு ஒரு கால் செருப்பைக் கழட்டியிருக்கார். நாங்களும் கழட்டணுமா?”

நான் ஒரு கணம் யோசித்தேன்.

“கழட்டணும்” என்றேன்.

அவன் திரும்பிக் கட்டளையிட்டான். நாற்பது நார்மன் வீரர்கள் ஒற்றைக் காலில் நின்று வலது செருப்பைக் கழற்றினார்கள். ஈட்டி ஒரு கையிலும் செருப்பு ஒரு கையிலுமாக வரிசை கட்டிச் சேற்றில் இறங்கி நடந்தார்கள்.

லசரீனா என் பக்கத்தில் வந்து நின்று அந்த ஊர்வலத்தைப் பார்த்தார்.

“இப்படி நான் ஒண்ணும் சொல்லலையேடா?”

“மொழிபெயர்ப்புல வந்துடுச்சும்மா.”